விவாதம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள்

அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழ் நண்பர்களுக்கும், தேர்தல் விவாத இரவுகளில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பார்க்க ஏற்பாடு செய்யும் தமிழ்ச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

2024 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு நானும் அப்படி ஒரு கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே பிலடெல்பியாவில் கமலா ஹாரிஸும் டொனால்ட் டிரம்ப்பும் பேசினார்கள். இங்கே வர்ஜீனியாவில் நாங்கள் நாற்பது பேர், இரண்டு பெரிய பாத்திரத்தில் பிரியாணி, சுவரில் திரை. பேச்சு முடிகிறவரை கூடம் நன்றாகத்தான் இருந்தது. உக்ரைனைப் பற்றிக் கேள்வி வந்தபோது ஒருவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். காஸா வந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு முகம். முடிந்த அடுத்த நிமிடமே திரையில் நிபுணர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, யார் ஜெயித்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் கூடம் இரண்டாகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து காரை நிறுத்துவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "உலக விவரம் தெரியாதவர்கள் ஓட்டுப் போட்டால் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதினார். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வளர்த்த இரண்டு குடும்பங்கள் அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை.

அந்த இரண்டு குடும்பமும் விவாதத்தில் கேட்டது என்ன என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நிபுணர்கள் சொன்னதை வைத்துத்தான் சண்டை நடந்தது. 2028 வருகிறது. மறுபடியும் கூடம் எடுப்பீர்கள், திரை கட்டுவீர்கள். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் குடியுரிமை வாங்கி முதன்முதலில் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டது 2012இல். ஒபாமாவும் மிட் ராம்னியும் போட்டியிட்டார்கள். மூன்றாவது விவாதம் அக்டோபர் 22, திங்கட்கிழமை, புளோரிடாவில் போகா ரடோன் நகரத்து லின் பல்கலைக்கழகத்தில். பாப் ஷீஃபர் நடத்தினார். முழு இரவும் வெளியுறவுக் கொள்கைக்கென்றே ஒதுக்கிய விவாதம். அதன்பிறகு அதிபர் தேர்தலில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

அன்று எங்கள் வீட்டில் கொலு. மறுநாள் சரஸ்வதி பூஜை. பொம்மை பார்க்க வந்தவர்கள் சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நியூபோர்ட் நியூஸ் ஷிப்யார்டில் வெல்டர். நாட்டிலேயே அணுசக்தி விமானம் தாங்கிக் கப்பல் கட்டுகிற ஒரே இடம் அது. முன்கையில் பொறி பட்டுப் பட்டுச் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். அவர் அப்போது பற்றவைத்துக்கொண்டிருந்த கப்பலுக்கு ஜெரால்ட் ஃபோர்டு என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்தது என் மனைவியோடு வேலை பார்த்த ஓர் அம்மா. மகன் மரைன் படையில், ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருந்தான். மூன்றாவது, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போர் முடிந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் அமெரிக்கா இலங்கை மீது தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தது. அதனால் ஒரு வரியாவது வரும் என்ற எண்ணத்தோடு அவர் வந்திருந்தார்.

ராம்னி கடற்படையைப் பற்றிப் பேசினார். 1917க்குப் பிறகு நம் கடற்படை இவ்வளவு சிறுத்ததில்லை, 313 கப்பல் வேண்டும் என்று கடற்படையே சொல்கிறது, இருப்பது 285க்கும் கீழே என்றார். அதற்குத்தான் ஒபாமாவின் அந்தப் பதில்: குதிரைகளும் துப்பாக்கிமுனைக் கத்திகளும்கூடத்தான் நம்மிடம் குறைந்துவிட்டன, ராணுவத்தின் தன்மை மாறிவிட்டது, விமானங்கள் வந்து இறங்கும் கப்பல்கள் இருக்கின்றன, நீருக்கடியில் போகும் கப்பல்கள் இருக்கின்றன என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள்.

வெல்டர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, "அவர் சொல்கிற அந்த இரண்டு கப்பலும் நாங்கள் கட்டுவதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதற்கு முன்னால் ஒன்று சொன்னாரே, அது நடக்காது என்று. அது உன் காதில் விழுந்ததா?" என்று கேட்டார்.

என் காதில் விழவில்லை. அதே பதிலின் ஆரம்பத்தில், சீக்வெஸ்டர் என்கிற தானியங்கிச் செலவு வெட்டு நடக்காது என்று ஒபாமா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 2011இல் போட்ட சட்டம் அது. பற்றாக்குறையைக் குறைக்க இரண்டு கட்சியும் ஒரு உடன்பாட்டுக்கு வராவிட்டால், 2013 தொடக்கத்திலிருந்து ராணுவச் செலவு உட்படப் பல செலவுகள் தானாக வெட்டப்படும். கடற்படைத் தளம் இருக்கும் நார்ஃபோக்கிலும் நியூபோர்ட் நியூஸிலும் வீட்டுக்கு வீடு பேச்சு அதுதான். குதிரையும் கத்தியும் எங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அந்தப் பதிலில் இருந்தது அடுத்த வருடச் சம்பளம்.

ஆப்கானிஸ்தான் பேச்சு வந்தபோது 2014க்குள் படைகள் திரும்பிவிடும் என்று இருவருமே சொன்னார்கள். அந்த அம்மா விரலை மடக்கி மாதம் எண்ணினார். அவருடைய விவாதம் அத்தோடு முடிந்துவிட்டது. பிறகு சீனாவைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அண்ணன் தொண்ணூறு நிமிடமும் அசையாமல் பார்த்தார். லிபியா, சிரியா, ஈரான், பாகிஸ்தான், சீனா. ஆரம்பத்தில் ராம்னி வடக்கு மாலியைக் குறிப்பிட்டார். எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "மாலியின்ர பேரும் வந்திட்டுது தம்பி. எங்கட பேர் வரேல்லை." வேறு எதுவும் சொல்லவில்லை.

நால்வரும் பார்த்தது ஒரே திரை. ஆனால் அவரவர் கேட்டது வேறு வேறு விவாதம். இதில் யார் விவரம் தெரியாதவர், நீங்களே சொல்லுங்கள்.

அன்றிரவு எந்தச் சேனலைப் போட்டாலும் குதிரைதான். காலையில் பத்திரிகையிலும் குதிரைதான். வெல்டர் கேட்ட வாக்கியம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2013 மார்ச் 1ஆம் தேதி அந்த வெட்டு அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், நார்ஃபோக்கிலிருந்து கிளம்ப வேண்டிய ஹாரி ட்ரூமன் கப்பலின் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. நியூபோர்ட் நியூஸுக்கு வரவேண்டிய ஆபிரகாம் லிங்கன் கப்பலின் எரிபொருள் மாற்றும் வேலையும் தள்ளிப்போனது. அந்த மாதக் கடைசியில் ஒபாமாவே அந்த ஷிப்யார்டுக்கு வந்து இந்த வெட்டு எவ்வளவு கெடுதல் என்று பேசினார். கோடையில் பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்கள் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் 6 நாள் வீட்டில் இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி இருந்தவர்கள் உண்டு.

அந்த அம்மாவின் 2014 என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். கடைசி அமெரிக்கச் சிப்பாய் காபூலிலிருந்து விமானம் ஏறியது 2021 ஆகஸ்டில்.

அன்றிரவே எடுத்த இரண்டு கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள். சிபிஎஸ் கேட்டது இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்களை. அவர்களில் 53 விழுக்காடு ஒபாமா, 23 விழுக்காடு ராம்னி, மிச்சப் பேர் சமம் என்றார்கள். சிஎன்என் கேட்டது விவாதத்தைப் பார்த்த பதிவு பெற்ற வாக்காளர்களை. அங்கே 48க்கு 40. ஒரே விவாதம், ஒரே இரவு. யாரைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து முப்பது புள்ளி இடைவெளி எட்டாகிவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்றைக் காட்டி "நாடே இப்படித்தான் நினைக்கிறது" என்று குழுவில் போடும்போது, மிச்சப் பேரை நாட்டைவிட்டே தள்ளிவைத்துவிடுகிறோம்.

இனி ஜெரால்ட் ஃபோர்டு. கப்பல் இல்லை, அதிபர்.

1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. ஜிம்மி கார்ட்டரோடு வெளியுறவு, பாதுகாப்பு பற்றிய விவாதம். நியூயார்க் டைம்ஸின் மேக்ஸ் ஃபிராங்கல் சோவியத் யூனியனோடு உறவைப் பற்றிக் கேட்டார். முந்தைய வருடம், ஐரோப்பாவின் அப்போதைய எல்லைகளை மதிப்போம் என்ற ஹெல்சிங்கி உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, கிழக்கு ஐரோப்பாவை மாஸ்கோவுக்கு எழுதிக்கொடுத்தது போலாகாதா என்பது உள்ளே இருந்த கேள்வி. ஃபோர்டு சொன்னார்: கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, என் ஆட்சியில் இருக்கவும் இருக்காது. ஃபிராங்கல் நம்ப முடியாமல் திரும்பக் கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார். ஃபோர்டு திருத்தவில்லை. யுகோஸ்லாவியாக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை, ருமேனியாக்காரர்கள் நினைக்கவில்லை, போலந்துக்காரர்கள் நினைக்கவில்லை என்று பட்டியல் போட்டார். இங்குள்ள போலந்து, செக், ஹங்கேரி வம்சாவளியினரிடம் போய் இதை நம்பவைக்கட்டும் பார்ப்போம் என்றார் கார்ட்டர்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் தெரியவேண்டியது அடுத்து நடந்தது. விவாதம் முடிந்த அன்றிரவே ஃபோர்டு தரப்பு தொலைபேசியில் வாக்காளர்களைக் கேட்டது. ஃபோர்டு நன்றாகப் பேசினார் என்றவர்கள்தான் அதிகம். கிழக்கு ஐரோப்பாவைப் பற்றித் தாமாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். மறுநாள் பகல் முழுவதும் செய்திகளில் அந்த ஒரு வாக்கியம் ஓடியது. அன்று மாலை கேட்டபோது கணக்கு அப்படியே தலைகீழ். கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். இடையில் புதிதாக யாரும் எதுவும் பேசிவிடவில்லை. அவர்களே பார்த்த விவாதத்தைப் பற்றி, அவர்களே நினைத்ததை, ஒரே பகலில் மாற்றிக்கொண்டார்கள்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் சொன்னது தப்பில்லை. ஃபோர்டு சொன்னது உண்மைக்கு மாறானது. அந்த ஜூனில்தான் போலந்தில் ராடோம் நகரத்துத் தொழிலாளிகள் விலை உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்து அடிபட்டிருந்தார்கள். சிகாகோவிலும் மில்வாக்கியிலும் அங்கே உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிற குடும்பங்களுக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்த நொடியே வலித்திருக்கும். அவர்களுக்கு எந்த நிபுணரும் எடுத்துச் சொல்லத் தேவை இருந்திருக்காது. ஆனால் மற்றவர்கள்? முதல்நாள் இரவு ஃபோர்டு சொன்ன வேறு ஏதோ ஒன்று அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆயுதக் கட்டுப்பாடாக இருக்கலாம், பேசிய தோரணையாக இருக்கலாம். அது என்ன என்று அவர்களுக்கே மறுநாள் மறந்துபோய்விட்டது பாருங்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

ஃபோர்டு தவறை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. தேர்தலில் ஒஹையோவை அவர் இழந்தது சுமார் 11,000 ஓட்டில்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிரித்ததை நினைத்துப் பின்னால் வருத்தப்பட்டதும் எனக்கு நடந்திருக்கிறது. 2012இல் ராம்னி, ரஷ்யாதான் உலக அரசியலில் நமக்கு முதல் எதிராளி என்று சொல்லியிருந்தார். அந்தக் கொலு இரவில் ஒபாமா அதை எடுத்து, 1980கள் கூப்பிட்டுத் தங்கள் வெளியுறவுக் கொள்கையைத் திருப்பிக் கேட்கின்றன என்றார். அதற்கும் சிரித்தேன். 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. 2019இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், அவர் ஒபாமா கட்சிக்காரர், நாடாளுமன்றக் குழு முன்னால் ராம்னியிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொன்னார். 2022இல் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. வெளியுறவில் இதுதான் சிக்கல். பள்ளிக்கூட வரியைப் பற்றி ஒருவர் பேசினால் அடுத்த வருட ரசீதில் தெரிந்துவிடும். ரஷ்யாவைப் பற்றிப் பேசினால் பத்து வருடம் ஆகிறது. அதைப் போய் நிபுணர்கள் பத்து நிமிடத்தில் தீர்த்துவைக்கிறார்கள்.

இன்னொன்று, மேடையில் பேசுகிறவர்களால் எல்லாவற்றையும் பேசவும் முடியாது. 1960இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் நடந்த நான்காவது விவாதத்தில் கியூபா வந்தது. காஸ்ட்ரோவுக்கு எதிரானவர்களுக்கு உதவவேண்டும் என்ற கென்னடியின் யோசனையை நிக்சன் கடுமையாக எதிர்த்தார். அப்போது துணை அதிபராக இருந்த அவருக்கு, அதே வேலைக்கு அரசு ரகசியமாக ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தது தெரியும். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் மாற்றிப் பேசினேன் என்று பிறகு அவரே எழுதினார். அடுத்த ஏப்ரலில் அந்த ஆட்கள் கியூபாவில் இறங்கித் தோற்ற பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு. அந்த இரவு நிக்சன் ஜெயித்தாரா தோற்றாரா என்ற கேள்விக்கு இப்போது என்ன பொருள் இருக்கிறது?

சரி, 2024க்கு வருகிறேன். அந்த இரவு ஹாரிஸ், இந்த பென்சில்வேனியாவில் இருக்கிற 8 லட்சம் போலந்து வம்சாவளியினரிடம் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று டிரம்ப்பைக் கேட்டார். உக்ரைனை விட்டுக்கொடுத்தால் புடின் அடுத்து எங்கே வருவார் என்பது அவர் வாதம். 1976இல் கார்ட்டர் பேசியது அப்படியே என் காதில் ஒலித்தது. உக்ரைன் போரில் ஜெயிக்க வேண்டுமா என்று விவாதத்தை நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் மியூர் கேட்டதற்கு டிரம்ப் நேராகப் பதில் சொல்லாமல், போர் நிற்கவேண்டும், உயிர்கள் போகின்றன என்றார். எங்கள் கூடத்தில் ஒருவருக்கு அது நழுவல். இன்னொருவருக்கு அதுதான் அன்றிரவு கேட்ட ஒரே மனிதப் பேச்சு. இருவரையும் எனக்குத் தெரியும், இருவரும் நல்லவர்கள். துளசேந்திரபுரத்தில் வேரோடிய குடும்பத்துப் பெண் மேடையில் நிற்கிறாள் என்ற ஒன்றே போதும் என்று கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விவாதம் முடிந்ததும் எடுத்த கணிப்பில் 63க்கு 37 என்று ஹாரிஸ் ஜெயித்ததாக சிஎன்என் சொன்னது. நவம்பரில் பென்சில்வேனியாவும் நாடும் டிரம்ப் பக்கம் போயின.

இப்படிச் சொன்னால், "அப்படியானால் யார் எது சொன்னாலும் சரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2012இல் ராம்னி, ஈரான் கடலுக்குப் போக சிரியாதான் வழி என்றார். ஈரானுக்கும் சிரியாவுக்கும் எல்லையே கிடையாது, ஈரானுக்குப் பாரசீக வளைகுடாவில் நீண்ட சொந்தக் கடற்கரை இருக்கிறது. இதில் கருத்து வேறுபாடு ஒன்றும் இல்லை, படத்தைப் பார்த்தால் முடிந்தது. ஃபோர்டு சொன்னதும் அப்படித்தான். தப்பைத் தப்பு என்று எல்லோரும் சேர்ந்தே சொல்லலாம். ஆனால் எது முக்கியம் என்பதில் வெல்டரும் அந்த அம்மாவும் அண்ணனும் ஒன்றுபட வேண்டிய கட்டாயம் இல்லை. நாம் சண்டை போடுவதெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

அதனால் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இது. விவாதம் முடிந்து இருவரும் கைகொடுத்த நொடியில் திரையை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். கைபேசியைப் பையில் போடச் சொல்லுங்கள். வாசலில் வரும்போதே ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுங்கள். மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: மனதில் நின்ற ஒரு வாக்கியம், அது ஏன் நின்றது, வரும் என்று எதிர்பார்த்து வராமல் போன ஒரு பேச்சு. அப்புறம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொருவராகப் படிக்கட்டும். முதல் சுற்றில் யாரும் பதில் சொல்லக்கூடாது. ஓட்டு யாருக்கு என்று யாரையும் கேட்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களும் எழுதட்டும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம்மைவிட இது நன்றாக வரும்.

வாக்காளர் நண்பர்களிடம் இன்னொன்று. அந்த மூன்றாவது விஷயத்தை, வராமல் போன பேச்சை, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதி அனுப்புங்கள். அவர் அலுவலகத்தில் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள், வந்த கடிதங்களைக் கணக்கு வைக்கிறார்கள். அண்ணன் அந்த இரவுக்குப் பிறகு அப்படி எழுதத் தொடங்கி இன்றுவரை நிறுத்தவில்லை.

நான் சொல்வது நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. 2016இலிருந்து ஒவ்வொரு விவாதத்துக்கும் எழுதவைத்தோம், தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் மனைவி. 2024இல் அன்று மட்டும் கூடத்துக்குப் போய்விட்டதால் அந்த ஓர் இரவுக்குத் தாள் இல்லை. வெல்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த விவாதத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறார், சுண்டல் இருக்குமா என்று கேட்டார். அண்ணன் டொராண்டோவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார், அவருக்குத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போடுவோம். பேசாமல் இருக்கும் அந்த இரண்டு குடும்பத்தையும் தனித்தனியாக அழைத்திருக்கிறேன். ஒருவர் வருகிறேன் என்றார். இன்னொருவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
வர்ஜீனியாவிலிருந்து ஒரு வாக்காளர்